டார் ஸ்டெப்ஸ்: மூவாயிரம் ஆண்டு என்பது சரியா?

இங்கிலாந்தின் எக்ஸ்மூரில் பார்ல் ஆற்றின் மேல் உள்ள டார் ஸ்டெப்ஸ் கல்பாலம் மூவாயிரம் ஆண்டு பழமையானது, அன்று வைத்த கல் இன்றுவரை அசையவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

வயதை முதலில் பார்ப்போம். கி.மு. 1000 என்ற கணக்குப் பல இடங்களில் சொல்லப்படுவதுதான். ஆனால் அதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. எழுத்தில் இந்தப் பாலம் முதலில் தென்படுவது இங்கிலாந்தை டியூடர் மன்னர்கள் ஆண்ட காலத்தில்தான் (1485–1603). இடைக்காலத்தில், சுமார் 1400ஐ ஒட்டிக் கட்டியிருக்கலாம் என்பதே இன்று பலரின் கருத்து. பாறையின் வயது வேறு, பாலத்தின் வயது வேறு இல்லையா?

அப்புறம், "அசையவில்லை" என்பது. இதில் வளைவும் கிடையாது, சாந்தும் கிடையாது. ஆற்றுக்குள் கல்லடுக்குத் தூண்கள், அவற்றின் மேல் படுக்கவைத்த பலகைக்கற்கள், அவ்வளவுதான். தூண்களுக்கு இடையே மொத்தம் 17 கண், நீளம் சுமார் 55 மீட்டர். கற்கள் தம் எடையாலேயே நிற்கின்றன. சில கற்கள் ஒரு டன்னையும் தாண்டும். அப்படியும் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு வரும் மரங்கள் மோதினால் தாங்காது. 2012லும் 2016லும் கற்கள் அடித்துச் செல்லப்பட்டன. மீட்டு அதே இடத்தில் வைக்க வசதியாகக் கற்களுக்கு எண் இட்டிருக்கிறார்கள். மரங்களைத் தடுக்க மேல்புறத்தில் ஆற்றுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிவடமும் கட்டியிருக்கிறார்கள்.

விழுந்த கல்லைத் தேடி எடுத்து, பழைய இடத்திலேயே மறுபடி பொருத்துகிறார்களே, எனக்கு அதுதான் இந்தப் பாலத்தின் பெரிய அழகு. அந்த உழைப்பை "அசையவே இல்லை" என்று மறைத்துவிடாதீர்கள்.