சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றல்ல

அண்ணா, உங்கள் பதிவில் பிள்ளைகளுக்குச் சைகை மொழி கற்றுக்கொடுக்கச் சொன்னது நல்ல யோசனை. ஆனால் "உலகம் முழுக்க ஒரே சைகைதான், அமெரிக்க வீடியோவைப் பார்த்தாலே போதும்" என்று எழுதியிருப்பது தவறு.

அமெரிக்கச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை ஒரே கையால் காட்டுவார்கள். இந்தியச் சைகை மொழியில் பொதுவாக இரண்டு கைகளும் வேண்டும். கடலூர் முதுநகரில் எங்கள் தெருப் பிள்ளைகள் அப்படியொரு வீடியோவைப் பார்த்துவிட்டு, காது கேளாத பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒற்றைக் கையால் பெயரை எழுதிக் காட்டினார்கள். அவன் திருதிருவென்று விழித்தான். அப்புறம் அவனே அவர்கள் விரல்களைப் பிடித்து, இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துக் காட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தியச் சைகை மொழிக்கு இலக்கணமும் தனிதான். 'என்ன', 'எங்கே' போன்ற கேள்விச் சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். புருவமும் சேர்ந்து கேட்க வேண்டும், கை மட்டும் போதாது.

டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. அதன் வீடியோக்கள் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. தயவுசெய்து பதிவில் அதைச் சேர்த்துவிடுங்கள். முடிந்தால் உங்கள் ஊரில் காது கேளாத ஒருவரையே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அழையுங்கள்.