டேப் நிரப்பல் டெர்மினலின் வேலை அல்ல

டேப் விசையை அழுத்தினால் கட்டளையும் கோப்புப் பெயரும் தானாக நிரம்புவது டெர்மினல் செயலியின் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தின்) வசதி, அது சரியாக வராவிட்டால் வேறு டெர்மினல் நிறுவுங்கள் என்று மேலே ஒரு கருத்து வந்திருக்கிறது. மன்னிக்கவும், அது அப்படி இல்லை.

டெர்மினல், நீங்கள் அழுத்திய விசையை உள்ளே அனுப்பும்; திரும்பி வரும் எழுத்தைத் திரையில் காட்டும். பெயரை நிரப்புவது அதற்குள் ஓடும் ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல். அந்த ஷெல் பாஷ் என்றால், அதோடு வரும் ரீட்லைன் என்ற நிரல் நூலகம்தான் டேப்பைப் பிடித்து, கட்டளை என்றால் பாத் பட்டியலில் (கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியல்) உள்ள அடைவுகளிலும் (ஃபோல்டர்களிலும்), கோப்பு என்றால் அந்தந்த அடைவிலும் தேடுகிறது. (சில புதிய டெர்மினல்கள் சொந்தமாகப் பரிந்துரை காட்டுவதுண்டு. அது தனிக் கதை.)

உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இப்போதே சோதிக்கலாம். அதே டெர்மினலில் dash என்று தட்டி டேஷ் என்ற இன்னொரு ஷெல்லைத் திறந்து, ஒரு கோப்புப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் அழுத்துங்கள். பெயர் நிரம்பாது, வெறும் இடைவெளிதான் விழும். வரியை அழித்துவிட்டு எக்ஸிட் (exit) கட்டளை கொடுத்து பாஷுக்குத் திரும்புங்கள், மறுபடி நிரம்பும். அப்புறம் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தி, டெர்மினல் செயலியே இல்லாத கறுப்புத் திரையில் உள்நுழைந்து பாருங்கள். அங்கேயும் டேப் வேலை செய்யும்.

ஆக, நிரப்பலில் கோளாறு என்றால் முதலில் பார்க்க வேண்டியது எந்த ஷெல் ஓடுகிறது என்பதை.