ஆறுமுகத்தார் கேட்டது பைப் இல்லை

போன கிழமை வெள்ளவத்தையில ஒரு கலியாண வீடு. சாப்பாட்டு மேசையில எனக்குப் பக்கத்தில இருந்த ஒரு மாமா (சொந்தம் இல்லை, கலியாண வீட்டில எல்லாரும் மாமாதானே) தண்ணிப் போத்தலைத் திறந்துகொண்டே தொடங்கிட்டார், "எஞ்சினியர் ஆறுமுகத்தாற்ற பிளானைச் செய்திருந்தா இண்டைக்கு யாழ்ப்பாணம் முழுக்க இரணைமடுத் தண்ணி பைப்பில வந்திருக்கும் தம்பி" எண்டு. சாப்பாட்டுக்கு முன்னால இருந்து சண்டை பிடிக்க ஏலாது, தலையாட்டிட்டு வந்திட்டன். இஞ்ச சொல்லலாம்தானே.

மாமா, அந்தாள் பைப் கேக்கவே இல்லை.

சண்முகம் ஆறுமுகம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில இருந்த பெரிய எஞ்சினியர். 1969ல முழு இலங்கையின்ட நீர்வளத்தைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினவர், இண்டைக்கும் ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் அதை எடுத்துப் பாக்கினம். அப்பிடிப்பட்ட மனிசனை நாங்கள் 'யாழ்ப்பாணத்துக்கு ஆறு' எண்ட ஒரு திட்டத்தின்ட பேருக்குள்ள அடக்கி வச்சிருக்கிறம், அதையும் பிழையா விளங்கிக்கொண்டு.

விசயம் இதுதான். வன்னியில கனகராயன் ஆறு கிளிநொச்சியில இருக்கிற இரணைமடுக் குளத்தை நிரப்பும், குளம் வான் பாய்ஞ்சா மிச்சத் தண்ணி வடக்க ஓடி ஆனையிறவுக் களப்புக்குள்ள (கடல்நீரேரி) விழும், பிறகு சுண்டிக்குளத்தால கடலுக்குப் போயிடும். 1954ல அவர் சொன்னது, சுண்டிக்குளத்தில அணை கட்டி அந்தத் தண்ணியை மறியுங்கோ, முள்ளியானால ஒரு 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் களப்புக்கு விடுங்கோ, தொண்டைமானாத்தில கதவு இருக்கு, அரியாலையிலயும் போட்டுக் கடலை மறியுங்கோ. மாரிக்கு மாரி மழைத்தண்ணி உப்பைக் கழுவிக்கொண்டு போகும், போகப்போகக் களப்பு நன்னீராகும். கடல்தண்ணி களப்புக்குள்ள வராமல் மறிக்கிற யோசனை அவருக்கு முந்தியும் இருந்ததுதான், அதைக் கணக்குப் போட்டு முழுத் திட்டமா ஆக்கினது அவர்.

சரி, களப்பில நன்னீர் நிண்டா யாருக்கு என்ன? இதுதான் மாமாவுக்கு விளங்காதது. யாழ்ப்பாணத்துக்குக் கீழ இருக்கிறது சுண்ணாம்புக் கல்லு, அதுக்குள்ள மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. கணக்கின்படி நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நிண்டா கீழ கிட்டத்தட்ட 40 அடிக்கு நன்னீர் இருக்கும். அந்த ஒரு அடியை மெசின் போட்டு இறைச்சு எடுத்தா கீழ இருந்து உப்பு ஏறும். எங்கட அப்பம்மான்ட வளவுக் கிணறு அப்பிடித்தான் போச்சுது. துலா இருந்த காலத்தில குடிச்ச தண்ணி, பிறகு தேத்தண்ணி வச்சா வாயில வைக்க ஏலாது. ஆரையும் குறை சொல்லேலாது, நாங்களும்தான் மெசின் பூட்டினது. ஆறுமுகத்தார் யோசிச்சது அந்த ஒரு அடியை: களப்பில நன்னீர் நிண்டா அது நிலத்துக்குள்ள ஊறி அந்த அடியைத் தாங்கும். அவற்ற கணக்கில தண்ணித் தாங்கி எண்டது நிலம்தான்.

பிறகென்ன, அணையும் கதவும் வந்தது, முள்ளியான் வாய்க்கால் அரைகுறையா நிண்டது, நடுவில யுத்தம். வாய்க்கால் இல்லாட்டி மிச்சமெல்லாம் சும்மா, வன்னித் தண்ணி உள்ள வராமல் கதவை மட்டும் பூட்டி என்ன பிரியோசனம்? எதிர்ப்பும் இருக்கு, அதையும் சொல்லோணும். களப்பில றால் பிடிச்சுச் சீவிக்கிற குடும்பங்கள் கனக்க, சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமா இருந்து 2015ல தேசியப் பூங்காவான இடம். "தண்ணி நல்லதாகட்டும், நாங்கள் என்னத்தைத் தின்னிறது" எண்டு அந்தச் சனம் கேட்டா அது நியாயமான கேள்வி, 1954ல அதை ஆரும் பெரிசா யோசிச்ச மாதிரித் தெரியேல்லை.

ஆனா கொழும்பில இருந்துகொண்டு எனக்கு எரிச்சல் வாறது வேற ஒண்டுக்கு. இஞ்ச களனி ஆத்தில தண்ணி குறைஞ்சு கடல் உப்பு மேல ஏறினா அம்பத்தளையில தடுப்புப் போட்டு மறிக்கினம், ஏனெண்டா எங்கட பைப்புக்கு அங்கயிருந்துதான் தண்ணி. அதே வேலையைத்தான் அந்த மனிசனும் கேட்டது. யாழ்ப்பாணத்துக்கு எண்டா முதல்ல இரணைமடுப் பைப்புக்குக் கிளிநொச்சி விவசாயிகளோட இழுபறி, பிறகு 2024ல தாளையடியில கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்கிற பிளாண்ட். நல்லது, குடிக்கத் தண்ணி வேணும். ஆனா அது கிணத்துக்குள்ள ஒரு சொட்டும் போடாது, வெங்காயத்துக்கு இறைக்கவும் வராது.

போன மார்கழி ஊருக்குப் போகேக்க ஆனையிறவில வானை நிப்பாட்டச் சொல்லி இறங்கினன். முதல் நாள் இரவு நல்ல மழை, களப்பு முட்ட மண்ணிறத் தண்ணி கிழக்கால இழுத்துக்கொண்டு போகுது. டிரைவர் தம்பி கேட்டான், "அண்ணை, இவ்வளவு தண்ணியும் எங்க போகுது?" கடலுக்குத்தான் எண்டன்.