ஆடு பணம் தின்னாது

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் படத்தைப் பற்றித்தான், வேறென்ன. ஒரு பக்கம் பாறை மேல் நிற்கிற வரையாடு, அதாவது நம் மலை உச்சிகளில் வாழ்கிற காட்டு ஆடு, இன்னொரு பக்கம் குண்டும் குழியுமான ரோடு, நடுவில் சிவப்பு எழுத்தில் "ஆட்டுக்கு 25 கோடி, எங்களுக்கு?" பகிர்ந்தவர் நம் பொள்ளாச்சி அண்ணன். கீழே வந்து சிரித்தவர்களில் பாதிப் பேர் எனக்கும் நண்பர்கள். "பிரியாணி போட்டால் எத்தனை பேர் சாப்பிடலாம்" என்று கேட்டவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் பாட்டுக்கு இரண்டு வரி பதில் எழுதினேன். "காட்டுவாசி வந்துட்டார்" என்று பட்டம் கொடுத்தார்கள். சரி, வந்தது வந்துவிட்டேன், முழுசாகவே பேசிவிட்டுப் போகிறேன்.

முதலில் அந்த 25 கோடி. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு வரையாட்டைக் காக்கும் திட்டத்துக்கு ஒதுக்கியது 25.14 கோடி ரூபாய். அது ஒரு வருடத்துக்கு இல்லை, ஐந்து வருடத்துக்கு. படம் போட்டவருக்கு இது தெரியாமல் இருக்காது, அந்த வரி மட்டும் எப்படியோ படத்துக்குள் அடங்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி நாம் 7.21 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கும் சேர்த்துத் தலைக்கு மூன்றரை ரூபாய், வருடத்துக்கு எழுபது பைசா. எழுபது பைசாவுக்கு டீக்கடையில் கிளாஸைக்கூடக் கழுவித் தர மாட்டார்கள். இதைப் போடாமல் இருந்திருந்தால் உங்கள் ஊர் ரோடு தார் பூசிக்கொண்டு பளபளத்திருக்கும் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா?

அடுத்தது, ஆடு பணம் தின்னாது. அது புல்லைத்தான் தின்னும். அந்த 25 கோடியில் ஒரு ரூபாய்கூட ஆட்டின் வாய்க்குப் போவதில்லை. அது கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கும், ஆட்டின் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி எங்கே போகிறது என்று பார்ப்பவர்களுக்கும், நோய்வாய்ப்பட்ட ஆட்டுக்கு மருத்துவம் பார்ப்பவர்களுக்கும், நீலகிரியில் மேல்பவானிப் பக்கம் சோலைக்காட்டை (மலை உச்சிப் பள்ளங்களில் நிற்கிற குட்டை மரக்காடு) ஒட்டிய புல்வெளியை மீட்டெடுப்பவர்களுக்கும் போகிறது. எல்லாரும் மனிதர்கள், அதிலும் பலர் அன்றாடம் கூலி வாங்குகிறவர்கள். இந்தப் புல்வெளி கெட்டுப்போன கதையும் வேடிக்கைதான். சீகை மரம் (வாட்டில்), பைன், தைலமரம் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்கப்புறமும் அரசே முன்னின்று மலை உச்சியில் நட்டவை. தோல் பதனிடப் பட்டை வேண்டும், விறகு வேண்டும் என்று நட்டார்கள். அவை புல்வெளியைத் தின்று பரவின. இன்று அதே மரத்தை வெட்ட அதே அரசு செலவழிக்கிறது. கோபப்படுவதென்றால் இதற்குக் கோபப்படுங்கள், கூடவே நானும் வருகிறேன். ஆடு என்ன செய்தது?

"தண்ணீருக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்" என்று அண்ணன் கேட்டிருந்தார். அண்ணா, உங்கள் தென்னந்தோப்பு ஆழியாறு பாசனம். அந்தத் தண்ணீர் அணையில் பிறக்கவில்லை, ஆனைமலையின் மேலே இருந்து வருகிறது. சோலையும் புல்வெளியும் மழையைப் பஞ்சு போலக் குடித்து வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் ஓடையாகக் கசியவிடுகின்றன. வரையாட்டைக் காக்க வேண்டுமென்றால் அந்தப் புல்வெளியைக் காத்துத்தான் ஆக வேண்டும், அதற்கு வேறு குறுக்குவழி கிடையாது. உங்கள் தோப்புக்கு நடக்கிற காவல் வேலைக்கு ஆட்டின் பெயரில் பில் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மனசு ஆறாது. வால்பாறை ரோட்டில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நின்று, பின்னால் வரையாடு தெரிய எடுத்த படம்தான் இரண்டு வருடம் அண்ணனின் முகப்புப் படமாக இருந்தது. நான்தான் முதல் ஆளாக லைக் போட்டேன். படத்துக்கு நிற்கும்போது ஆடு அழகு, பட்ஜெட்டில் வந்தால் தண்டம்.

"சிங்கம் புலி என்றால் பரவாயில்லை, ஆட்டுக்கெல்லாமா?" இப்படியும் ஒரு கேள்வி. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் (சீட்டா) தனி விமானத்தில் வந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு வந்தன. அன்றைக்கு இதே நண்பர்கள் வட்டத்தில் கைதட்டல் காதைப் பிளந்தது. யாரும் ரோட்டுப் படத்தைப் பக்கத்தில் ஒட்டவில்லை. வெளிநாட்டு விருந்தாளிக்கு ஆரத்தி, சங்கப் பாட்டில் 'வருடை' என்று வருகிற, மாநில விலங்கு என்று நாமே பட்டம் கட்டி வைத்திருக்கிற நம்மூர் ஆட்டுக்குப் பிரியாணி ஜோக்.

செலவழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே கணக்கு இருக்கிறது. மாட்டுக்கு டைக்ளோபெனாக் வலி மருந்து போட்டார்கள், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006இல்தான் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் சில கழுகு இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டன. செத்த மாட்டைத் தின்னக் கழுகு இல்லை, அதனால் நாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை இதனால் கூடுதலாக ஐந்து லட்சம் மனிதர்கள் இறந்திருக்கலாம் என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2024இல் கணக்கிட்டார்கள். யாருக்கும் பிடிக்காத, மொட்டைக் கழுத்துப் பறவை. அதற்கு அப்போது 25 கோடி கேட்டிருந்தால் என்ன படம் போட்டிருப்பீர்கள்?

சரி, நியாயமான கேள்வியையும் எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் ஒருதலைப்பட்சம் என்பீர்கள். ஆடு கூடியிருக்கிறதா? 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025இல் 1,303. இதைத் தூக்கிக்கொண்டு ஆட நான் வரவில்லை. இரண்டாம் முறை கூடுதலான இடங்களில் எண்ணினார்கள், அதனாலும் எண்ணிக்கை ஏறியிருக்கும். ஆனால் அதற்கு முன் மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் இப்படி எண்ணவே இல்லையே. எண்ணாமல் எப்படித் தெரியும்? எண்ணுவதற்குத்தானே பணம்?

"யானை மிதித்துச் செத்தவர் வீட்டில் போய் இதைப் பேசு" என்றார் ஒருவர். நான் பிறந்ததே வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டில். அந்த மாதிரி வீடுகளின் வாசலில் நின்றிருக்கிறேன். அங்கே நான் எதுவும் பேச மாட்டேன், பேசவும் முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆய்வாளர்கள் தொடங்கி வைத்த ஏற்பாட்டில், யானை எங்கே நிற்கிறது என்று இன்று எங்கள் ஆட்களுக்குப் போனில் செய்தி வருகிறது, பாதையோரம் சிவப்பு விளக்கு எரிகிறது. ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் அந்த விளக்கைப் பார்த்துத்தான் நடக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். அதுவும் விலங்குக்குப் போன பணம்தான்.

இவ்வளவு சூடாக நான் எழுதுவதற்கு என் தாய்மாமாதான் காரணம். வேட்டைத் தடுப்புக் காவலர், எங்கள் ஊர்ப் பேச்சில் வாட்சர். பதினான்கு வருடமாகத் தற்காலிகம்தான். எந்த மலை, எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், சொன்னால் அந்தத் தற்காலிகமும் போய்விடும். காலில் அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலையையும் உப்பையும் துணியில் முடிந்து தேய்த்துக்கொண்டு விடியும் முன் ஏறுவார். சிறு வயதில் ஒருமுறை என்னையும் கூட்டிப் போனார். பனிமூட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அந்தப் பாறைக்குக் கீழே ஏழு, குட்டி இரண்டு" என்றார். அரைமணி கழித்துப் பனி விலகியது. எண்ணினேன், ஏழு, குட்டி இரண்டு. அறிக்கைகளில் வருகிற எண்கள் இப்படிப்பட்ட கண்களிலிருந்துதான் புறப்படுகின்றன. கணக்கெடுப்புக் குழுப் படத்தில் மாமாவின் முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது.

போன வருடம் மூன்று மாதம் அவருக்குச் சம்பளம் வரவில்லை. "ஃபண்டு வரலை" என்றார்களாம். அத்தை கம்மலை அடகு வைத்தாள். கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள் என்று நீங்கள் சிரிக்கிற அதே மலையில்தான் இது நடந்தது. அதனால்தான் கேட்கிறேன், எதற்கு ஆட்டுக்கு இவ்வளவு என்று கேட்கிற வாய் ஒருமுறைகூட, அது மலை ஏறுகிறவன் கைக்கு ஏன் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று கேட்காதா? வரி கட்டுகிறவர்தானே நீங்கள், கேளுங்கள். அதைக் கேட்டால் நான் உங்கள் காலில் விழுகிறேன். பிரியாணி கணக்குப் போடுவது சுலபம், அதுதான் விஷயம்.

அந்தப் படம் மாமாவின் போனுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. எஸ்டேட் குரூப்பில் யாரோ போட்டிருக்கிறார்கள். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கெடா நல்ல வயசுக் கெடா, முதுகு வெளுத்துப்போச்சு பாரு" என்றார். அப்புறம், "இந்த இருபத்தஞ்சுல மழைக்கோட்டுக்குன்னு ஏதாவது எழுதியிருப்பாங்களா? என்னோடது தோள்ல கிழிஞ்சு போச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மழைக்கோட்டு வாங்கிக்கொண்டு மேலே போகிறேன். அங்கே சிக்னல் கிடைக்காது. திட்டுகிறவர்கள் சனிக்கிழமைக்குள் திட்டி முடித்துவிடுங்கள்.