எத்தனை புள்ளி வரைக்கும் பொறுத்துக்கணும்னு பெட்டியிலேயே போடுங்கப்பா

"ஒரே ஒரு புள்ளிதானே சார், போகப் போகக் கண்ணுக்குப் பழகிடும்." புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்க்ரீனில் செத்துக் கிடக்கிற புள்ளியை, அதாவது டெட் பிக்சலைக் காட்டினால், பாண்டி நேரு வீதியிலும் இதே பதில்தான், கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் இதே பதில்தான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்தப் புள்ளியால் மிஷின் நின்றுவிடாது. ஆனால் ஒரு புள்ளிக்கெல்லாம் பேனல் (ஸ்க்ரீன் பலகை) மாற்றித் தர மாட்டார்கள் என்பதை ஐம்பதாயிரம் ரூபாயை எண்ணி வாங்கும்போது சொல்லியிருக்கலாம். சொல்வதில்லை.

முதலில் கணக்கு. சாதாரண ஃபுல் ஹெச்.டி. ஸ்க்ரீனில் குறுக்கே 1920, நெடுக்கே 1080. பெருக்கினால் 20,73,600 பிக்சல். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல், ஆக 62 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு துணைப் பிக்சலுக்கும் கண்ணாடி மேலேயே பதித்த ஒரு டிரான்சிஸ்டர், அதாவது குட்டி மின் சுவிட்ச். 15.6 இன்ச் ஸ்க்ரீனில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.18 மில்லிமீட்டர். தயாரிக்கும்போது ஒரு தூசி தவறான இடத்தில் உட்கார்ந்தால் ஒரு டிரான்சிஸ்டர் போச்சு. ஒன்றுகூடப் பழுதாகாத பேனல்தான் வேண்டும் என்றால் நிறைய பேனல்களைக் கழித்துக்கட்ட வேண்டும், விலை ஏறும். இந்த நியாயத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

எத்தனை பழுது வரை சகிக்கலாம் என்பதற்கு 2001இல் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 13406-2 என்ற தரநிர்ணயம் வந்தது. 2008இல் அதன் இடத்துக்கு 9241-307 வந்தது. பழையதில் நான்கு வகுப்பு. முதல் வகுப்பில் ஒரு பழுதும் கூடாது. இரண்டாம் வகுப்பில் பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிகிற வெள்ளைப் புள்ளி 2, எப்போதும் கறுப்பாக நிற்கிற புள்ளி 2, துணைப் பிக்சல் பழுது 5 வரை போகலாம். கம்பெனிகள் பேசுகிற எண்ணிக்கை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகுப்பை ஒட்டித்தான் இருக்கும். ஃபுல் ஹெச்.டி.க்குப் பெருக்கிப் பாருங்கள்: 4 வெள்ளை, 4 கறுப்பு, 10 துணைப் பிக்சல். அத்தனையும் இருந்தாலும் ஏட்டுக் கணக்கில் அது நல்ல ஸ்க்ரீன்!

எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடலும் மாறும். டெல் தன் அல்ட்ராஷார்ப் மானிட்டர்களுக்கு ஒரே ஒரு பிரகாசப் புள்ளி இருந்தாலும் மாற்றித் தருவதாக உறுதி தருகிறது. அப்படியானால் முடியாத காரியம் இல்லை, காசு கூடக் கொடுத்தால் முடிகிற காரியம். அது போகட்டும். எம்.ஆர்.பி., இறக்குமதியாளர் முகவரி, கஸ்டமர் கேர் நம்பர் எல்லாம் பெட்டி மேல் அச்சடித்தே ஆகவேண்டும் என்று 2011 பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. அதன் பக்கத்தில் 'பிரகாசப் புள்ளி இத்தனை, கறுப்புப் புள்ளி இத்தனை வரை மாற்றித் தரப்படாது' என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு மை செலவாகும்?

அதுவரை நாம்தான் உஷாராக இருக்கணும். பவர்பாயின்டில் எழுத்தே இல்லாமல் ஐந்து ஸ்லைடு போட்டுக்கொள்ளுங்கள்: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம். பென் டிரைவில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போய், பில் போட்ட கையோடு பெட்டியைப் பிரிக்கச் சொல்லி ஓட்டிப் பாருங்கள். புது மிஷினில் ஆபீஸ் இல்லையென்றால் அதையே ஐந்து படங்களாகச் சேமித்தால் போதும். முழு ஸ்க்ரீன், பிரகாசம் நூறு சதவீதம். கறுப்பில் எரிகிற புள்ளி தெரியும், வெள்ளையில் செத்த புள்ளி தெரியும், மூன்று நிறங்களில் எந்தத் துணைப் பிக்சல் மக்கர் என்று தெரியும். ஷோரூம் டியூப்லைட் வெளிச்சம் கறுப்பு ஸ்லைடில் பளபளத்து ஏமாற்றும், அதனால் ஸ்க்ரீனைக் கொஞ்சம் சாய்த்து, மேலே கையை மறைப்பாக வைத்துப் பாருங்கள். மொத்தம் மூன்று நிமிஷ வேலை. "பின்னாடி ஆள் நிக்கிறாங்க சார்" என்பார்கள். நிற்கட்டும்.

புள்ளி எல்லாமே டெட் பிக்சல் இல்லை. மெல்லிய துணியால் துடைத்தால் போவது தூசி. பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கும்போது இடம் நகர்கிற மாதிரி தெரிந்தால், ஓரம் மங்கலாக இருந்தால், அது பேனல் அடுக்குகளுக்கு நடுவில் மாட்டிய தூசி. பிக்சல் பழுதுக்கு ஓரம் கத்தரித்தாற்போல் இருக்கும், நகராது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறு போனில் பாருங்கள். அதிலும் புள்ளி வந்தால் பேனல் மேல் பழி போடாதீர்கள், கோளாறு கிராபிக்ஸ் பக்கம். புள்ளிக்குப் பதில் மேலிருந்து கீழாக ஒரு கோடே ஓடினால் அது கேபிள் அல்லது பேனல் ஓரத்து இணைப்பின் கோளாறு. அதற்குப் பிக்சல் எண்ணிக்கை விதி பொருந்தாது, தைரியமாக வாரண்டி கேளுங்கள்.

இன்னொரு நுணுக்கம். லேப்டாப் பேனலில் ஐ.பி.எஸ்., டி.என். என்று இரண்டு வகை உண்டு. ஐ.பி.எஸ். பேனல் மின்சாரம் இல்லாத நிலையில் கறுப்பு, அதனால் டிரான்சிஸ்டர் செத்தால் கறுப்புப் புள்ளி. மலிவான டி.என். பேனல் அதே நிலையில் வெள்ளை, அங்கே டிரான்சிஸ்டர் செத்தால் பளிச்சென்று எரியும். நடு ஸ்க்ரீனில் எரிகிற ஒரு புள்ளி, மூலையில் கிடக்கிற நாலு கறுப்புப் புள்ளியை விடக் கண்ணை உறுத்தும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற விதியில் எனக்கு இருக்கிற பெரிய குறையும் இதுதான், உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் பார்வை நடுவில்தானே இருக்கும்.

ஒரே நிறத்தில் மாட்டிக்கொண்ட ஸ்டக் பிக்சலுக்கு, நிறங்களை வேகமாக மாற்றி மினுக்கும் வீடியோவை அந்த இடத்தில் இருபது நிமிஷம் முதல் சில மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். சில சமயம் சரியாகும், சரியான புள்ளி மறுபடியும் மாட்டிக்கொள்ளவும் கூடும். வலிப்பு உள்ளவர்கள் அந்த வீடியோவைப் பார்க்கக் கூடாது. முழுக்கச் செத்த கறுப்புப் புள்ளிக்கு இதனால் பலன் இல்லை. கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கிற வைத்தியம் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் வெள்ளைத் திட்டு விழுந்தால் 'பிசிக்கல் டேமேஜ்' என்று எழுதி வாரண்டியையே மூடிவிடுவார்கள்.

புகார் கொடுக்க: அடியில் உள்ள சீரியல் நம்பர் ஸ்டிக்கரில் தொடங்கி ஸ்க்ரீன் வரை வெட்டாமல் ஒரே வீடியோ. இடது ஓரத்திலிருந்து இத்தனை செ.மீ., மேலிருந்து இத்தனை செ.மீ. என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள், இல்லையென்றால் இன்ஜினியர் பார்த்துவிட்டு "ஒண்ணும் தெரியலையே சார்" என்று கிளம்பிவிடுவார். வாங்கிய முதல் சில நாட்களுக்குள் கேட்டால் மிஷினையே மாற்றக் கேட்கலாம், அதன் பிறகு பேனல் மட்டும்தான். எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கிறது என்று மறுத்தால், எந்த விதியில் எத்தனை என்று மெயிலில் எழுத்தாக வாங்குங்கள்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் சீல் குத்தியிருந்தால் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிகம் என்கிறது. கம்பெனி 'இது பழுதே இல்லை' என்று தன் பிக்சல் விதியைக் காட்டும், வாதம் அங்கேதான் நடக்கும். விற்கும் முன் அந்த விதியை எனக்கு யார் காட்டினார்கள் என்று கேளுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பாண்டியில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருப்பது கடலூர் என்றால் கடலூர் ஆணையத்திலேயே மனு போடலாம், பஸ் ஏறி அங்கே அலைய வேண்டியதில்லை.

வாரண்டி முடிந்து வெளிக்கடையில் பேனல் மாற்றுகிறவர்களுக்கு: பழைய பேனலின் முதுகில் உள்ள பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் மாட்டும் இடத்தில் 30 பின்னா 40 பின்னா, ஓரத்தில் திருகு மாட்டும் காது உண்டா இல்லையா, இதெல்லாம் பொருந்த வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் ஸ்க்ரீன் கேபிளைப் பிடுங்கினால் போர்டில் பேக்லைட் (ஸ்க்ரீனின் பின்விளக்கு) ஃபியூஸ் போய்விடலாம், போனால் புதுப் பேனல் போட்டும் இருட்டாகவே இருக்கும். இப்போதைய மிஷின்களில் பேனலைப் பட்டை டேப்பில் ஒட்டுகிறார்கள். ஒட்டிவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். அதனால் கேபிளை மட்டும் மாட்டச் சொல்லி, டேப்பின் மேல்தாளை உரிப்பதற்கு முன்னால் அதே ஐந்து ஸ்லைடை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.