குப்பைமேனியும் கல்ச்சர் ரிப்போர்ட்டும்

அப்பாவின் வலது காலில் புண் வந்தபோது எங்கள் வீட்டில் முதலில் தேடியது டாக்டரை இல்லை, குப்பைமேனியை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் கிணற்றடி முழுக்க அதுதான் முளைத்துக் கிடக்கும். அத்தை பறித்து, மஞ்சளும் கல்லுப்பும் வைத்து அம்மியில் அரைத்துப் பற்றுப் போட்டார். "சின்ன வயசுல உன் சொறி இதுலதானடி போச்சு" என்றார். உண்மைதான், போனது. ஆனால் அப்பாவுக்குப் பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை.

பதினொரு நாள் பற்று. நடுவில் காய்ச்சல் வந்ததும் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் வாங்கினோம். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி ஆறு மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது, நாலோடு நிறுத்திவிட்டோம். மீதி இரண்டும் சாமி அலமாரியில் கிடந்தன.

பிறகு ஆஸ்பத்திரி. சீழை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள், அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனைக்கு. மூன்றாம் நாள் வந்த தாளில் வரிசையாக மருந்துப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒற்றை எழுத்து. 'எஸ்' என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், 'ஆர்' என்றால் அடங்காது. விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆர், ஆர், ஆர். பதினாலு வரியில் எஸ் மூன்றுதான், மூன்றும் ஊசி. கால் தப்பியது. இரண்டு விரல் போய்விட்டது.

அந்த நாலு மாத்திரைதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தைச் சாப்பிட்டால் கிருமி பழகிக்கொள்ளும் என்று எச்சரித்திருக்கிறார். 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இப்போது 'ஆன்டிபயாடிக்குக்குப் பதில் ஏழு மூலிகைகள்' என்று வாட்ஸப்பில் வந்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. மூலிகை மேல் கோபமில்லை. வடலூருக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்துவிட்டு, வள்ளலார் போற்றிய கரிசாலையையும் தூதுவளையையும் தள்ளிவைக்க யாரால் முடியும்? ஆனால் ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொல்வது ஒன்று, உடம்புக்குள் கொல்வது வேறு. தட்டில் வினிகர் ஊற்றினாலும் கிருமி சாகும். மஞ்சளில் இருக்கும் குர்குமினை விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது சொற்பம்.

நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் மரமஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள பெர்பெரின் என்ற பொருள் பாக்டீரியாவைத் தாக்கும். ஆனால் சீழ்ப்புண்ணில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதை உள்ளே விட்ட வேகத்தில் வெளியே இறைத்துவிடும், அதன் தோலிலேயே பம்பு இருக்கிறது. பெர்பெரின் தரும் சில பெர்பெரிஸ் செடிகள் அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் சேர்த்தே தயாரிக்கின்றன என்று 2000-ல் கண்டுபிடித்தார்கள். படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. செடிக்கும் கிருமிக்கும் நம் காலத்துக்கு முன்பிருந்தே சண்டை நடந்திருக்கிறது! அதனால் செடி ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக வருவதைவிட, தோற்றுப்போன ஆன்டிபயாடிக்குக்குத் துணையாக வரும் வாய்ப்பே அதிகம் என்று நம்புகிறேன். அதற்கும் சோதனை வேண்டும். சீனாவின் டு யூயூ பழைய வைத்தியக் குறிப்பில் இருந்த செடியிலிருந்துதான் மலேரியா மருந்தை எடுத்தார். கொதிக்க வைத்தால் சத்துப் போகிறது என்று புரிந்து, குறைந்த சூட்டில் பிரித்தெடுத்தார். 2015-ல் நோபல் கிடைத்தது.

நம் மாவட்டத்தில் பிச்சாவரம் இருக்கிறது. தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும் என்று படகுக்காரர்களும் எச்சரிப்பார்கள், அவ்வளவு வீரியம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நச்சு உண்டா, எவ்வளவு கொடுக்கலாம், மனிதருக்கு வேலை செய்கிறதா என்று கடைசிவரை பார்க்க இப்படிப்பட்ட இடங்களுக்குப் பணம் வர வேண்டும். மூலிகைப் பெருமை பேசும் நாம்தான் அதைக் கேட்க வேண்டும்.

அதுவரைக்கும், சர்க்கரை உள்ளவர் காலில் சின்னப் புண் என்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் "கல்ச்சர் எடுக்கணுமா டாக்டர்?" என்று கேளுங்கள். 2014-லிருந்து வீரியமான பல ஆன்டிபயாடிக்குகளை நோயாளி பேரும் டாக்டர் பேரும் எழுதி வைத்துத்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். சீட்டில்லாமல் கேட்டு நாமே அதை உடைக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டு அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள், வெட்டிய அட்டை ஏதாவது கிடக்கிறதா என்று.