காயல் பார்க்க ஆலப்புழைக்குத்தான் போகணுமா?

லீவு விட்டால் போதும், நம்ம நாகர்கோவில்காரர்கள் ஆலப்புழைக்குக் கிளம்பி, ஹவுஸ்போட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வரிசையாகப் படம் போடுகிறார்கள். போடட்டும், அழகான ஊர்தான். ஆனால் நம்ம ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிற மணக்குடிப் பாலத்தில் பைக்கை நிறுத்தி செல்ஃபி எடுத்ததைத் தவிர, கீழே இறங்கி அந்தக் காயல் கரையில் கொஞ்ச நேரம் நடந்தவர்கள் எத்தனை பேர்?

பழையாறு கடலில் சேரும் இடம் அது. கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் கடல் மணலைக் கொண்டுவந்து பொழியை, அதாவது ஆறு கடலில் சேரும் வாயை, அடைத்துவிடும், மழையில் ஆறு பெருகினால் அதே மணல் திட்டு உடைந்து உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும், அதனால் ஒரு தடவை பார்த்த இடம் அடுத்த தடவை அப்படியே இருக்காது. கரையில் அலையாத்தி மரங்கள், சாமித்தோப்பு பக்கம் போனால் உப்பளங்கள், பறவைகள். அப்புறம், நீங்கள் செல்ஃபி எடுக்கும் பாலம் புதுசு. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பழைய பாலத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போய்விட்டது.

மேற்கே போனால் தேங்காய்ப்பட்டணம். நம்ம குழித்துறை ஆறு அங்கேதான் கடலில் விழுகிறது. கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, இப்போது கண்ணாடிப் பாலம், மத்தியானச் சாப்பாடு, அதோடு வண்டி ஏறிவிடுகிறார்கள். வெளியூர்க்காரர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, நாமே சொல்வதில்லையே.

சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் எல்லாம் போங்கள். குளிக்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். இங்கே காற்றே இல்லாமல் கடல் அமைதியாகத் தெரிகிற நாளிலும் எங்கோ தெற்கே தூரத்தில் கிளம்பிய அலை வந்து ஏறும், கள்ளக்கடல் என்பது அதுதான். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிர் போனது அப்படி ஒரு எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். எச்சரிக்கை செல்போனில் வந்தால் போதாது, மணலில் கால் வைக்கிற இடத்தில் ஆள் நின்று தடுக்கணும்.

நம்ம காயலிலும் ஹவுஸ்போட் விடணும் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை. இவ்வளவு சின்னக் காயலில் டீசல் படகு விட்டால் மீன் எங்கே போகும், அதை நம்பி வலை போடுகிறவர் எங்கே போவார்? கேட்பதானால் ஏவிஎம் என்கிற அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயைக் கேளுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை வள்ளத்திலேயே வரலாம் என்று 1860 வாக்கில் திருவிதாங்கூர் ராஜாக்கள் வெட்டத் தொடங்கி, முடிக்காமல் விட்ட கால்வாய். வெட்டிய பகுதியும் இன்று பல இடங்களில் மண் மூடி, குப்பை நிறைந்து, ஆக்கிரமிப்பில் கிடக்கிறது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து குளச்சல் பக்கம் வரைக்குமாவது தூர் வாரி, துடுப்புப் படகு போகிற அளவுக்குத் தண்ணீர் நிற்க வைத்தால் நான் முதல் ஆளாக டிக்கெட் எடுப்பேன்.